‘சுபம்’ போட்ட பிறகு: முதல் சீரியலிலேயே பெயர் வாங்கிய நடிகருக்கு

முதல் சீரியலே ஓடிவிட்டால் நடிகருக்கு ஒரு வினோதமான சிக்கல் வந்து சேரும். கோயிலில், காய்கறிக் கடையில், கல்யாண வீட்டில் ஜனங்கள் ஓடிவந்து பேசுவார்கள். ஆனால் கூப்பிடுவது கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான். அந்தப் பெயர் சேனலுக்குச் சொந்தம். ராத்திரி எட்டரை மணியும் சேனலுக்குச் சொந்தம். ‘சுபம்’ போட்ட அடுத்த திங்கட்கிழமை அதே நேரத்தில் வேறொரு முகம் வந்து உட்கார்ந்துவிடும். சுபம் வரைகூடப் போக வேண்டாம். ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் ஒரு வரி போட்டு நடுவிலேயே ஆளை மாற்றிவிடுகிற தொழில் இது.

ஆகவே கதாபாத்திரத்துக்குக் கிடைத்த புகழைச் சொந்தப் பெயருக்கு மாற்றிக்கொள்வதுதான் உங்கள் முன்னால் இருக்கும் வேலை. அதற்கு ஆறு மாதம் அவகாசம் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அதற்கு அப்புறமும் ஜனங்களுக்கு முகம் ஞாபகம் இருக்கும். நடிகர் தேர்வு செய்கிறவர்களின் போனில் உங்கள் எண் கீழே இறங்கிப் போயிருக்கும்.

கீழே இருப்பது சென்னையில், சாலிகிராமத்துக்கும் வளசரவாக்கத்துக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே நடக்கிற தமிழ்ச் சீரியல் தொழிலை வைத்து எழுதியது.

கடைசி ஷெட்யூலுக்கு முன்பே

சீரியல் முடியப்போவதை யாரும் முறையாகச் சொல்ல மாட்டார்கள். வியாழக்கிழமை வரும் டிஆர்பியை (எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை) பார்த்து நீங்களே கணக்குப் போட வேண்டியதுதான். சில அறிகுறிகள் உண்டு. இரவு நேர சீரியலை மாலை ஆறு மணிக்கோ மதியத்துக்கோ நகர்த்துவார்கள். மாதம் 15 நாள் வந்த கால்ஷீட் 8 ஆகும். வருஷக்கணக்காகப் பேசாத குடும்பங்கள் ஒரே வாரத்தில் ஒன்று சேரும். இதில் இரண்டு தெரிந்தாலே கீழ்க்கண்டவற்றைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில் பாக்கிப் பணம். தயாரிப்பு நிறுவனம் சம்பளத்தை இரண்டு மூன்று மாதம் தள்ளிக் கொடுப்பது சகஜம். சீரியல் ஓடும்வரை அது வந்துகொண்டே இருக்கும். முடிந்த பிறகு கடைசி மூன்று மாதப் பாக்கிதான் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் உங்களை மறுபடி செட்டுக்கு வரவழைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. இதற்கு ஒரே மருந்து டைரி. ஒவ்வொரு வேலை நாளுக்கும் ஒரு வரி: தேதி, ஷூட்டிங் வீடு எது, எத்தனை மணிக்கு வந்தீர்கள், பேக்கப் (அன்றைய வேலை முடிவு) எப்போது, எத்தனை காட்சி. கால்ஷீட் சொல்லி மேனேஜர் அனுப்பிய வாட்ஸப் செய்தியை அழிக்காதீர்கள். மாதக் கடைசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபோல்டரில் போடுங்கள். அந்த மாதத்துக்கான பில்லை மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாயால் கேட்காதீர்கள். பணம் வராமல் சின்னத்திரை நடிகர் சங்கத்துக்குப் பஞ்சாயத்துக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது ‘எத்தனை நாள் பாக்கி, ஆதாரம் எங்கே’ என்பதுதான். சங்கச் சந்தா பாக்கி இருந்தால் புகாரே பலவீனமாகிவிடும், அதையும் கட்டி வையுங்கள். கோர்ட்டுக்குப் போவதானால் பொதுவாகப் பணம் கொடுத்திருக்க வேண்டிய நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் போயாக வேண்டும்.

அடுத்து ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட நாளில் படித்திருக்க மாட்டீர்கள்; இப்போதாவது படியுங்கள். மூன்று இடங்களைத் தேடுங்கள். சீரியல் முடிந்தும் இத்தனை மாதம் போட்டிச் சேனலில் வரக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா, அது சீரியலுக்கு மட்டுமா அல்லது விளம்பரத்துக்கும் சினிமாவுக்கும் சேர்த்தா? உங்கள் படத்தையும் கதாபாத்திரப் பெயரையும் வெளி நிகழ்ச்சிகளில் பயன்படுத்த யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? ‘இப்போதுள்ள, இனி வரப்போகும் எந்தத் தொழில்நுட்பத்திலும்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியம் எங்கே இருக்கிறது? அந்த மூன்றாவதுதான் இன்று பயப்பட வேண்டியது. உங்கள் முகத்தையும் குரலையும் வைத்து ஏஐ மூலம் புதுக் காட்சி உருவாக்கும் உரிமை அதற்குள் ஒளிந்திருக்கலாம். பழைய ஒப்பந்தத்தை மாற்ற முடியாது. அடுத்ததில், ‘நான் நேரில் நடித்த காட்சிகளுக்கு மட்டும்’ என்ற சொற்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மறுஒளிபரப்பில் பணம் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், வணிகப் பயன்பாட்டுக்கு நடிப்புக் கலைஞருக்கும் ராயல்டி உரிமை உண்டு என்கிறது. தமிழ்ச் சீரியல் உலகில் அதை வசூலித்துத் தரும் நடைமுறை வேரூன்றவில்லை. 2020 பொது முடக்கத்தில் படப்பிடிப்பு நின்று, பழைய சீரியல்களைத் தூசு தட்டிப் போட்டபோது, வீடுகளில் எல்லோரும் பார்த்தார்கள். ஆனாலும் ராயல்டியை நம்பி மாத பட்ஜெட் போட முடியாது.

கணக்கு

ஒரு நாளைக்கு 8,000 ரூபாய், மாதம் 15 நாள் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 1,20,000. டிடிஎஸ், அதாவது சம்பளம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி, 10 சதவீதம், 12,000 போய்விடும். சேலை, சுடிதார், பொருத்தமான வளையல் என்று துணிமணிக்கு 12,000 (பல செட்டுகளில் உடை உங்கள் பொறுப்பு, கதையில் ஒரு கல்யாணம் வந்தால் இது இரட்டிப்பாகும்). பெட்ரோலும் வண்டியும் 10,000. உதவிக்கு வரும் ஆளுக்கு 8,000. பார்லர், ஜிம் 6,000. வாய்ப்பு வாங்கிக் கொடுத்த மேனேஜருக்குப் பத்து சதவீதம், 12,000. ஆகக் கைக்கு வருவது 60,000. சம்பளம் ஒரு லட்சத்துக்கு மேல் என்று வீட்டிலும் உறவிலும் பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் குடும்பம் நடத்த வேண்டியது அதில் பாதியில்.

அந்த 60,000இல் வீட்டுச் செலவு 30,000 என்றால், மீதி 30,000ஐத் தனிக் கணக்கில் போடுங்கள். பன்னிரண்டு மாதத்தில் 3,60,000 சேரும். அதாவது வேலையில்லாத ஒரு முழு வருஷத்தை ஓட்டலாம். சீரியல் உலகில் ஒரு வருஷ இடைவெளி பெரிய விஷயமே இல்லை. கையில் காசு இருப்பவர் வந்த கதையில் நல்லதைப் பார்த்து எடுக்கிறார். இல்லாதவர் மூன்றாம் மாதமே மதிய நேர சீரியலில் வில்லியின் தங்கையாக ஒப்புக்கொள்கிறார்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் கார். சீரியல் ஓடும்போது கடன் தர வங்கி தயங்காது. கடன் 5 வருஷம், சீரியலோ இரண்டு வருஷம். பழைய காரை முழுப் பணம் கொடுத்து வாங்குங்கள், அல்லது செட்டுக்குப் போக மாத வாடகைக்கு ஒரு கால்டாக்ஸிக்காரரைப் பேசிக்கொள்ளுங்கள். வீட்டுக் கடனுக்கும் இதே கதைதான். அதற்கு வங்கி இரண்டு மூன்று வருஷ வரிக் கணக்கைக் கேட்கும் என்பதால் வரிக் கணக்கு ஒழுங்காக இருப்பவருக்கே கிடைக்கும்.

வரிக்கு வருவோம். பலர் டிடிஎஸ் பிடித்தாகிவிட்டது, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன உதாரணத்தில் செலவு போக ஆண்டு வருமானம் 8,64,000. 2025-26 முதல் புதிய வரி முறையில் இங்கே வசிப்பவருக்கு 12 லட்சம் வரையிலான தொழில் வருமானத்துக்கு வரி இல்லை. ஜிம் செலவை ஆடிட்டர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அந்த வரம்புக்குள்தான் இருப்பீர்கள். அப்படியானால் ஒரு வருஷத்தில் பிடித்த 1,44,000 ரூபாயும் திரும்ப வர வேண்டிய பணம்! கணக்குத் தாக்கல் செய்தால்தான் வரும். அதற்குத் துணிக்கடை பில் முதல் பெட்ரோல் பில் வரை வைத்திருக்க வேண்டும். நிறுவனம் பிடித்த பணத்தை உங்கள் பான் எண்ணில் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்: ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்தது ஜூலை 31க்குள் தாக்கலாகி, ஆகஸ்டில் வரித் தளத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உடனே கேளுங்கள். நிறுவனம் கலைந்த பிறகு கேட்க ஆள் இருக்காது.

இதற்கு நேரெதிர் தவறும் உண்டு. விளம்பரம், கடை திறப்பு என்று வருமானம் 25, 30 லட்சம் ஆனவர்களுக்குப் பத்து சதவீத டிடிஎஸ் போதாது. முன்கூட்டிய வரியை ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணையில் கட்ட வேண்டும். விட்டால் வட்டி ஏறும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் கட்டாயம். பேசும் சம்பளம் ‘ஜிஎஸ்டி தனி’ என்று எழுத்தில் வாங்காவிட்டால் அந்த 18 சதவீதம் உங்கள் பையிலிருந்து போகும்.

பிஎஃப், இஎஸ்ஐ எதுவும் இல்லாத தொழில். மருத்துவக் காப்பீட்டை சீரியல் ஓடும் காலத்திலேயே எடுத்துவிடுங்கள்.

சீரியல் பழக்கத்தைக் கழற்றுவது

சினிமா, வெப் சீரிஸ் ஆடிஷனில் சீரியல் நடிகர்களைத் திருப்பி அனுப்பும்போது ‘சீரியல் சாயல் இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். அவமானமாகத் தோன்றும். உண்மையில் அது ஐந்தாறு பழக்கங்களின் பெயர். ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துக் கழற்ற முடியும்.

பெரியது பிராம்ப்டிங். கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் நின்று வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்ல, நீங்கள் அதைத் திருப்பிச் சொல்வீர்கள். ஒரு நாளில் ஏழெட்டுக் காட்சி முடிக்க வேறு வழியில்லை என்று வைத்த ஏற்பாடு அது. இரண்டு வருஷம் அப்படி நடித்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ‘நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன் அத்தை, ஆனா இந்த ஒரு விஷயத்துல மட்டும் என்னை வற்புறுத்தாதீங்க’ என்பது ஒரே மூச்சில் வர வேண்டிய வசனம். உங்கள் வாயில் அது மூன்றாக உடையும்: ‘நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன் அத்தை’, ஒரு நொடி இடைவெளி, ‘ஆனா இந்த ஒரு விஷயத்துல மட்டும்’, இன்னொரு நொடி, ‘என்னை வற்புறுத்தாதீங்க’. அந்த நொடிகளில் கண் எதிராளி மேல் இருக்கும், காது பக்கவாட்டில் இருக்கும். படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்யும் லைவ் சவுண்ட் படத்தில் பிராம்ப்டிங் செய்யவே முடியாது. அங்கே நீங்கள் முதல் நாளே திணறுவீர்கள்.

கழற்றும் முறை இது. இரண்டு பக்கக் காட்சி ஒன்றை எடுங்கள். முந்தின இரவு மனப்பாடம் செய்யுங்கள், ஆனால் எந்த உணர்ச்சியும் ஏற்றாமல், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. மறுநாள் கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ அதைச் சொல்லுங்கள். கை நின்றால் வசனம் இன்னும் மனசில் ஏறவில்லை என்று அர்த்தம், மறுபடி. கை நிற்காமல் வாய் ஓடத் தொடங்கிய பிறகு, வீட்டில் ஒருவரை எதிர் வசனம் படிக்கச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். படிப்பவர் ஒவ்வொரு முறையும் வேகத்தை மாற்றட்டும். தினம் ஒரு காட்சி, இருபது நாள். நாலைந்து நாளில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் பாராட்ட ஆளில்லாத பயிற்சி இது.

அடுத்தது முகத்தைப் பிடித்து வைப்பது. வசனம் முடிந்ததும் பின்னணி இசைக்காகவும் மூன்று முறை ஜூம் போவதற்காகவும் மூன்று நான்கு நொடி அதிர்ச்சி முகத்தோடு நிற்பீர்கள். படத்தில் அந்த நொடிகளில் எதிராளி பேசத் தொடங்கியிருப்பார். நீங்கள் சிலைபோல நிற்பது தெரியும். இதற்கு மருந்து, எதிராளி சொல்வதைக் கேட்டு முடிப்பதற்குள் உடம்பில் ஒரு சின்ன வேலை தொடங்குவது: டம்ளரை எடுப்பது, முந்தானையைச் சரிசெய்வது, உட்காருவது.

பிறகு அந்தப் புகழ்பெற்ற நிலை: பின்னால் நிற்பவரிடம் பேச வேண்டியவர், அவருக்கு முதுகைக் காட்டிக் கேமராவைப் பார்த்துப் பேசுவது. ஒரே ஷாட்டில் இரண்டு முகமும் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆடிஷனில் உங்களை அறியாமல் உடம்பு திரும்பும். பாதத்தைப் பாருங்கள், பாதம் எதிராளியை நோக்கி இருந்தால் உடம்பு திரும்பாது.

குரல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வேறொருவர் டப்பிங் பேசியிருந்தால், ஜனங்களுக்கு உங்கள் முகம் மட்டும்தான் தெரியும். கன்னடம், மலையாளம், தெலுங்கிலிருந்து வந்து இங்கே பெயர் வாங்கிய நடிகைகள் பலருக்கு இதே நிலை. அடுத்த சீரியலில் சொந்தக் குரல் என்பதைச் சம்பளத்தைவிட முக்கியமாகப் பேசுங்கள். தமிழ் எழுத்து படிக்கத் தெரியாதவர்கள் மூன்று மாதம் ஒதுக்கிக் கற்றுக்கொள்ளலாம். வசனத் தாளை ஆங்கில எழுத்தில் எழுதிப் படிப்பவருக்கு ‘ழ’வும் ‘ள’வும் என்றைக்கும் குழம்பும்.

ஆடிஷன் வீடியோ

உங்கள் சீரியல் காட்சியை அனுப்பாதீர்கள். எங்கே பார்த்தாலும் பின்னணி இசையும் நகையும்தான் தெரியும். புதிதாக எடுங்கள்.

வெறும் சுவர், சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நில்லுங்கள், நிழல் விழாது. ஜன்னல் வெளிச்சம் முகத்துக்கு நேராக. ஜன்னல் முதுகுப்பக்கம் இருந்தால் முகம் கறுத்துவிடும். போன் படுக்கை வாக்கில், கண் உயரத்தில். மார்பளவு ஃபிரேம். முதலில் பெயர், உயரம், தெரிந்த மொழிகள். பிறகு இடமும் வலமும் திரும்பிக் காட்டுங்கள். கதாபாத்திரப் பெயரை வேண்டுமானால் கடைசியில் ஒருமுறை சொல்லலாம். அடுத்து ஒன்றரை நிமிஷத்துக்குள் ஒரு காட்சி, அதற்கு முற்றிலும் மாறான இன்னொன்று. எதிர் வசனம் படிப்பவர் லென்ஸுக்கு ஒட்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கண் எங்கோ போகும். அவர் குரல் உங்கள் குரலைவிடச் சத்தமாகப் பதிவாவது அடிக்கடி நடக்கும் தவறு. மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள்.

கூடவே ஐந்து புகைப்படம்: நேர் முகம், பக்கவாட்டு, முழு உருவம், சிரிப்பு, வெறும் முகம். மேக்கப்பும் ஃபில்டரும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் பழையது கூடாது. நேரில் வருபவர் படத்தில் இருப்பவர் மாதிரி இல்லையே என்று முதல் பார்வையிலேயே ஏமாந்துவிட்டால், அப்புறம் என்ன நடித்தாலும் எடுபடாது.

ஆடிஷனுக்கோ ‘போர்ட்ஃபோலியோ’வுக்கோ பணம் கேட்டால் கிளம்பிவிடுங்கள். வேலை தருகிறவர் உங்களிடம் காசு கேட்க மாட்டார்.

அடுத்து எதை ஒப்புக்கொள்வது

இரண்டாவது சீரியல் வந்தால் சம்பளத்துக்கு முன் நான்கு கேள்வி. எத்தனை மணி ஸ்லாட்? மாதம் குறைந்தது எத்தனை நாள் என்று எழுதித் தருவீர்களா? நான் மையக் குடும்பத்தில் யார்? இது ரீமேக்கா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. தமிழில் ஓடும் சீரியல்களில் கணிசமானவை பிற மொழிக் கதைகள். ‘பாக்கியலட்சுமி’ வங்காளத்தின் ‘ஸ்ரீமோயி’யிலிருந்து வந்தது. ரீமேக் என்றால் மூலத்தின் கதைச் சுருக்கத்தைத் தேடிப் படித்து, உங்கள் பாத்திரம் எந்தக் கட்டத்தில் ஒதுங்குகிறது, எங்கே வில்லத்தனம் பண்ணுகிறது என்று முன்பே தெரிந்துகொள்ளலாம்.

முதல் சீரியலில் அழுத மருமகள் என்றால் இரண்டாவதிலும் அழுத மருமகளைத்தான் கொடுப்பார்கள். ஒருமுறை ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவது முறையும் அதையே செய்தால் அதன் பிறகு வேறெதற்கும் உங்களை யோசிக்க மாட்டார்கள்.

சொந்தப் பெயரை நிறுவ இங்கே பழகிய வழி, சொந்தப் பெயரோடு திரையில் நிற்பது. சிவகார்த்திகேயன் ‘கலக்கப்போவது யாரு’, ‘அது இது எது’ மேடைகளில் சிவகார்த்திகேயனாகவே நின்றவர்; 2012இல் ‘மெரினா’ வந்தபோது பார்வையாளருக்கு அவர் பெயரைப் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கவின் ‘சரவணன் மீனாட்சி’யில் வேட்டையனாக இருந்தார், 2019இல் பிக் பாஸ் வீட்டுக்குப் போய்த்தான் ஊர் அவரைக் கவின் என்று கூப்பிடத் தொடங்கியது. தொகுப்பாளர் வேலை, சமையல் போட்டி, நடனப் போட்டி எல்லாவற்றின் உண்மையான பயன் இதுதான். ரியாலிட்டி ஷோ ஒப்பந்தத்தில் மட்டும் இரண்டு இடத்தில் விரலை வைத்து வக்கீலிடம் காட்டுங்கள்: நிகழ்ச்சி முடிந்தும் எத்தனை மாதம் சேனலுக்குக் கட்டுப்பட வேண்டும், நடுவில் நீங்களே வெளியேறினால் எவ்வளவு கட்ட வேண்டும்.

சினிமாவுக்குக் காத்திருப்பவர்கள் காலக் கணக்கைச் சரியாகப் போடுங்கள். வாணி போஜனின் ‘தெய்வமகள்’ சீரியல் 2018இல் முடிந்தது. ‘ஓ மை கடவுளே’ படம் வந்தது 2020இல். பிரியா பவானி சங்கர் 2014இல் தொடங்கிய ‘கல்யாணம் முதல் காதல் வரை’யிலிருந்து 2017இல் ‘மேயாத மான்’ படத்துக்கு வந்தார். கவினுக்கு ‘டாடா’ 2023இல்தான். நன்றாக அமைந்தவர்களுக்கே இரண்டு மூன்று வருஷம், சிலருக்கு அதற்கும் மேல். முன்னே சொன்ன பன்னிரண்டு மாதச் சேமிப்பு போதாது. சினிமாதான் குறி என்றால் இருபத்துநான்கு மாதம் வேண்டும்.

டப்பிங் என்பது பலர் மறந்துபோகும் நல்ல தொழில். சீரியல்களில் நடித்த தீபா வெங்கட் நயன்தாராவின் பின்னணிக் குரலாக எத்தனை படங்களில் ஒலித்திருக்கிறார். டப்பிங் யூனியன் கார்டு இல்லாமல் முறையான வேலை கிடைக்காது, அதற்கு ஒரு தொகை கட்ட வேண்டும். வேலை இருக்கும்போதே கட்டி வாங்கி வையுங்கள்.

மற்ற வரவுகள்

கடை திறப்பு விழாவுக்கு அழைத்தால் பாதிப் பணம் தேதி குறிக்கும்போது, மீதி மேடை ஏறுவதற்கு முன். ‘நிகழ்ச்சி முடிஞ்சதும் தர்றோம்’ என்றால், கூட்டம் கலைந்த பிறகு முதலாளியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். எத்தனை மணி நேரம், போக்குவரத்து யார் செலவு, அறை எங்கே, கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஆள் உண்டா என்பதெல்லாம் வாட்ஸப்பிலாவது எழுத்தாக இருக்கட்டும். வெளிநாட்டு நிகழ்ச்சிக்குச் சுற்றுலா விசாவில் கிளம்பாதீர்கள். மலேசியாவில் வெளிநாட்டுக் கலைஞர் மேடை ஏற புஸ்பால் என்ற அரசு அமைப்பின் அனுமதி தேவை. ஏற்பாட்டாளரிடம் அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிய பிறகுதான் டிக்கெட்.

இன்ஸ்டாகிராம் கணக்கு சொந்தப் பெயரில், சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும். உங்களுக்கு விளம்பரம் தேடித்தரும் பிஆர் ஆள் தன் மின்னஞ்சலில் தொடங்கிக் கொடுத்த கணக்கு, சண்டை வந்த அன்றைக்கு அவருடையது ஆகிவிடும். காசு வாங்கிப் போடும் பதிவில் விளம்பரம் என்று தெளிவாகப் போடுங்கள். தவறான விளம்பரத்தில் நடித்தவருக்கும் 2019 நுகர்வோர் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம் உண்டு, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளின் விளம்பரத்துக்கு 2025 மத்தியச் சட்டத்தில் சிறைத் தண்டனையே இருக்கிறது. தங்க நகைச் சேமிப்பு, மாதம் இத்தனை சதவீதம் வட்டி என்று வரும் திட்டங்களின் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். நிறுவனம் கதவை மூடினால் ஜனங்கள் தேடி வருவது அவர்களுக்குத் தெரிந்த முகத்தை.

‘உங்க பேரை மட்டும் கொடுங்க, பார்ட்னர்ஷிப்’ என்று ஹோட்டலோ பொட்டிக்கோ தொடங்க அழைப்பவர்கள் கட்டாயம் வருவார்கள். சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் கடன் முழுவதற்கும் ஒவ்வொரு பங்காளியும் பொறுப்பு; காசே போடாத நீங்களும்தான். பெயரை மட்டும் கொடுப்பதானால் ஒரு வருஷத்துக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணமாக வாங்குங்கள்.

குழந்தை நட்சத்திரமாக இருந்தால்

இது பெற்றோருக்கு. சட்டப்படி குழந்தை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்கக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணிக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 27 நாளைத் தாண்டக் கூடாது. மாவட்ட ஆட்சியர் அனுமதி வாங்க வேண்டியது தயாரிப்பாளர். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். பதினெட்டு வயதில் அதை எடுக்கப்போவது குழந்தை. ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நம் கருத்தில் 20 போதாது, 50 சதவீதமாவது வையுங்கள்.

பன்னிரண்டிலிருந்து பதினேழு வயதுவரை பெரும்பாலும் வாய்ப்பு வராது. அதைத் தோல்வியாகக் குழந்தையிடம் பேசாதீர்கள். அந்த வயதுக்கான பாத்திரங்களே சீரியல்களில் குறைவு. நீலிமா ராணி ‘தேவர் மகன்’ காலத்திலேயே குழந்தையாக நடித்து, பிறகு ‘மெட்டி ஒலி’ முதலான சீரியல்களுக்கு வந்து, தயாரிப்பிலும் இறங்கினார். அந்த நடு வருஷங்கள் பள்ளிக்கூடத்துக்கு உரியவை.

போன் அடிக்காத மாதங்கள்

செட்டில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை சுற்றி முப்பது பேர் இருந்த இடத்திலிருந்து, மதியம் வீட்டில் தனியாக உட்காரும்போது மனசு தடுமாறும். காலையில் எழுந்து கிளம்பிப் போக ஓரிடம் வைத்துக்கொள்ளுங்கள்: நாடகக் குழுவின் ஒத்திகை, நீச்சல், மொழி வகுப்பு. வாரம் இரண்டு பேருக்கு, வாய்ப்புக் கேட்காமல், ‘எப்படி இருக்கீங்க சார், எபிசோட் பார்த்தேன்’ என்று பேசுங்கள். உங்களை அடுத்த வேலைக்குப் பரிந்துரைக்கப்போவது பெரும்பாலும் பழைய உதவி இயக்குநர்தான், இயக்குநராகியிருப்பார். தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் போனால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

கடைசியாக அந்த அழைப்பு. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதில், ‘ஹீரோயினுக்கு அம்மா, ரொம்ப ஸ்ட்ராங்கான ரோல்’ என்று ஒரு போன் வரும். உடனே கோபப்பட்டு வைக்க வேண்டாம். ஒப்புக்கொண்டு நன்றாக இருப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெளியுங்கள். வீட்டுக் கூடத்தில் நடக்கும் ஒவ்வொரு காட்சியிலும் அம்மா நின்றாக வேண்டும், வசனம் இருக்காது. மாதம் இருபது நாள், பன்னிரண்டு மணி நேரம், வரிசையில் மூன்றாவது ஆளாக நின்று ரியாக்ஷன் கொடுப்பது. அந்த நாட்களில் வேறு எதற்கும் கால்ஷீட் தர முடியாது. ஆகவே நாள் சம்பளத்தை உயர்த்திக் கேட்பதைவிட மாதம் பன்னிரண்டு நாள் என்ற உச்ச வரம்பையும், வயதுக்கு நரை வைக்கும் மேக்கப் கிடையாது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.